அந்த 21 மணி நேரத்துக்குப் பெயர் என்ன?

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு, தமிழ்நாட்டின் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 31. கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவர். அவருடைய கடைக்கு இரண்டு கடை தள்ளியிருக்கும் ஜவுளிக்கடையின் கல்லாவிலிருந்து பணம் காணாமல் போயிருக்கிறது. அந்தக் கடைக்காரர் இவர் மீது சந்தேகம் சொல்ல, மாலை 6.15 மணிக்கு ஒரு காவலர் வந்து "பத்து நிமிஷ விசாரணைதான், வாங்க" என்று காவல் நிலையத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். மறுநாள் பிற்பகல் 3.15 வரை அவரை வெளியே விடவில்லை. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரவு பின்னறையில் தரையில் உட்கார வைத்தார்கள். ஒத்துக்கொள்ளச் சொல்லிக் கன்னத்திலும், லத்தியால் உள்ளங்காலிலும் அடித்தார்கள். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். அனுப்பும்போது இரண்டு தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அவற்றில் ஒன்று வெற்றுத்தாள்.

இது நடந்து 19 நாள்கள் ஆகின்றன. "கைதே செய்யாதபோது என்ன வழக்கு?" என்று காவல் நிலையத்தில் கேட்கிறார்கள். "24 மணி நேரம் வரை யாரையும் வைத்திருக்க போலீஸுக்கு அதிகாரம் உண்டு" என்கிறார் ஒரு நண்பர். "பி.சி.ஆர். கேஸ் போடு" என்கிறார் இன்னொருவர். "மனித உரிமை ஆணையத்துக்கு எழுதினால் 10 லட்சம் வரும்" என்கிறார் மூன்றாமவர். இவற்றில் எது சரி, என் உரிமை என்ன, நான் எதைக் கோரலாம் என்பதே அவர் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அடி வாங்கியதைப் பற்றியதல்ல. "கைதே செய்யவில்லை என்று அவர்களே சொல்வதால் எனக்கு வழக்கு இல்லாமல் போய்விட்டது" என்று நீங்களும் நம்பிவிட்ட வரிதான் அது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

24 மணி நேரக் கணக்கு

அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பு, கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58-ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. சட்டப்படி கைது செய்த ஒருவரைக்கூட அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று போட்ட எல்லை இது. அந்த எல்லைக்குள் எவரையும் காரணமின்றி உட்கார வைக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் இந்த விதி தலைகீழாகத்தான் புழங்குகிறது. படித்தவர்களும் அப்படியே நம்புகிறார்கள்.

ஒருவரைக் காவல் நிலையத்துக்கு வரவழைக்கச் சட்டத்தில் வழிகள் இருக்கின்றன. சந்தேகத்துக்கு உரியவர் என்றால் அதே சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் அறிவிப்பு கொடுக்க வேண்டும்; சாட்சி என்றால் 179-ஆவது பிரிவின் கீழ் எழுத்துமூலம் அழைக்க வேண்டும். இரண்டுக்கும் தாள் தேவை. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும், குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சான்றொப்பமிட்ட கைதுக் குறிப்பு தயாரிக்க வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இவை; பிறகு சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டன. உங்கள் விஷயத்தில் அறிவிப்பும் இல்லை, கைதுக் குறிப்பும் இல்லை. எழுந்து வீட்டுக்குப் போகும் சுதந்திரம் உங்களுக்கு இருந்ததா என்பதே கேள்வி. தாளில் "கைது" என்ற சொல் இருக்கிறதா என்பதல்ல. கைது செய்யவில்லை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அந்த 21 மணி நேரத்துக்குச் சட்டத்தில் மிஞ்சுவது ஒரே பெயர்தான்: சட்டவிரோதக் காவல். இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆவது பிரிவு அதை முறையற்ற அடைத்து வைத்தல் என்று குற்றமாக்குகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காக அடிப்பது 120-ஆவது பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரியது.

"பி.சி.ஆர். கேஸ்" என்ற சொல்லைப் பற்றி

உங்கள் நண்பர் சொன்ன பி.சி.ஆர். என்பது 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் என்று பிறந்து, 1976-இல் இந்தப் பெயரைப் பெற்றது. பெயரைப் பார்த்துவிட்டு, குடிமகனின் எல்லா உரிமைகளையும் காக்கும் சட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தச் சட்டத்தில் "குடிமை உரிமை" என்பதற்குத் தரப்பட்டுள்ள பொருள் மிகக் குறுகியது: அரசியலமைப்பின் 17-ஆவது உறுப்பு தீண்டாமையை ஒழித்ததன் மூலம் ஒருவருக்குக் கிடைக்கும் உரிமை. தமிழ்நாட்டில் சாதி வன்கொடுமை வழக்கு எதுவானாலும் பேச்சுவழக்கில் "பி.சி.ஆர்." ஆகிவிட்டதே தவிர, உங்களுக்குப் பொருந்தக்கூடியது 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்.

இதன் 3(1) பிரிவின் (r), (s) கூறுகளின்படி, பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சேராத ஒருவர், அவற்றைச் சேர்ந்த ஒருவரை, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில், சாதியின் பெயரால் இழிவுபடுத்தினாலோ திட்டினாலோ குற்றம். "பொதுமக்கள் பார்வை" என்ற சொற்களில்தான் வழக்கு நிற்பதும் விழுவதும். நான்கு சுவர்களுக்குள் வெளியார் எவருமின்றிச் சொன்ன சொல் இதில் வராது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அந்த அதிகாரி திட்டியபோது ஜவுளிக்கடைக்காரரும், கடவுச்சீட்டு விசாரணைக்காக வந்திருந்த இருவரும் ரைட்டர் அறை வாசலில் நின்றிருந்தார்கள். இந்த ஒரு வரி உங்கள் கடிதத்தின் மற்ற இரண்டு பக்கங்களுக்குச் சமம். கடைக்காரர் உங்களுக்காகப் பேசமாட்டார். அந்த இருவர் யாரென்று தெரியாது என்கிறீர்கள். ஆனால் கடவுச்சீட்டு விசாரணைக்கு வந்தவர்கள் யார் என்பதற்கு நிலையத்தில் பதிவு இருக்கத்தான் செய்யும். அந்த அதிகாரி எந்தச் சமூகத்தவர் என்பதையும் உங்கள் வழக்கறிஞர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அவரும் பட்டியல் வகுப்பினர் என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது.

இந்தச் சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு சொல்கிறது. துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். ஆகவே, உங்களை உட்கார வைத்திருந்த அதே நிலையத்தில் போய் மனுவை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமே கொடுங்கள்.

அநீதி நடந்தது என்பதும் கோரிக்கை உண்டு என்பதும்

என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நடந்ததை முழுதாகச் சொல்லிவிட்டு, "இதற்குச் சட்டத்தில் ஏதாவது செய்யுங்கள்" என்று நிறுத்துவார்கள். நீதிமன்றத்தின் காதில் அது இன்னும் கோரிக்கையாகவில்லை. யார் செய்தார், அவர் மீது எந்தக் கடமை இருந்தது, அது மீறப்பட்டதற்கு என்ன ஆதாரம், உங்களுக்கு என்ன வேண்டும், எந்தக் கெடுவுக்குள் கேட்கிறீர்கள் என்ற ஐந்துக்கும் விடை சேர்ந்தால்தான் அது கோரிக்கை. உங்களுக்கு நடந்த ஒரே சம்பவத்துக்கு நான்கு வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இந்த ஐந்துக்கான விடை வேறு.

முதல் வாசல் குற்றவியல் புகார். இங்கே கேட்பது தண்டனை, இழப்பீடு இரண்டாம்பட்சம். நிலையத்தில் பதியாவிட்டால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின் கீழ் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். அதன் பிறகும் நடக்காவிட்டால் உறுதிமொழிப் பத்திரத்துடன் நடுவர் நீதிமன்றத்தை 175(3) பிரிவின் கீழ் அணுகலாம். இங்கே ஒரு புதிய மேடு இருக்கிறது. அரசு ஊழியர் தம் பணியின்போது செய்த செயல் குறித்த புகாரென்றால், அவருடைய மேலதிகாரியின் அறிக்கையையும் அவர் தரப்பு விளக்கத்தையும் பார்த்த பிறகே நடுவர் விசாரணைக்கு உத்தரவிடலாம் என்கிறது 175(4). அடுத்து, 218-ஆவது பிரிவின்படி அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வாதமும் வரும். காவலில் அடிப்பது பணியின் பகுதியல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருந்தாலும், அந்த எதிர்ப்பை எழுப்பாத எதிர்த்தரப்பு வழக்கறிஞரை நான் இன்னும் பார்க்கவில்லை. மாதங்கள் இதில் கரையும் என்பதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

இரண்டாவது, மாநில மனித உரிமைகள் ஆணையம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ஆணையம் "பரிந்துரைதானே செய்யும்" என்று பலர் அலட்சியம் செய்வதுண்டு; அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள். தேசிய ஆணையம், மாநில ஆணையம், முதலமைச்சரின் தனிப்பிரிவு என்று ஒரே மனுவைப் பத்து இடங்களுக்கு அனுப்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஓர் ஆணையத்தின் முன் இருக்கும் விஷயத்தை மற்றோர் ஆணையம் விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். வேகம் கூடும் என்று நினைத்து அனுப்பியதே வழியை அடைத்துவிடும்.

மூன்றாவது, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது உறுப்பின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனு. அடிப்படை உரிமையை அரசு மீறினால், அதற்கான இழப்பீட்டை அரசே தர வேண்டும் என்ற கோட்பாடு 1983-இல் ருதுல் சா வழக்கில் தொடங்கியது. நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும் 14 ஆண்டுகள் பீகார் சிறையில் கிடந்தவர் அவர். உச்ச நீதிமன்றம் அன்று அளித்தது மொத்தம் 35,000 ரூபாய். 1993-இல் நிலபதி பெஹரா வழக்கில், காவலில் மகனை இழந்த தாய்க்கு ஒன்றரை லட்சம் வழங்கியபோது, இறையாண்மைப் பணியில் நேர்ந்த தவறுக்கு அரசு பொறுப்பாகாது என்கிற 'இறையாண்மை விலக்கு' என்ற அரசின் கேடயம் இந்த வகை வழக்கில் செல்லாது என்பதை நீதிமன்றம் தெளிவாக்கியது. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம், முதல் தகவல் அறிக்கை ஏதுமின்றி சுமார் அரை மணி நேரம் லாக்கப்பில் வைக்கப்பட்டவருக்கு 50,000 ரூபாய் தரவும், அதைச் சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் சம்பளத்தில் பிடிக்கவும் உத்தரவிட்டது. இந்தத் தொகைகளை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் நண்பர் சொன்ன 10 லட்சத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள். அத்தோடு, உயர் நீதிமன்றம் இந்த மனுவில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி உண்மையைக் கண்டறிய முனையாது. நீங்கள் உள்ளே இருந்தீர்களா இல்லையா என்பதே சர்ச்சை என்றால், "வேறு வழியில் போய் நிரூபியுங்கள்" என்று அனுப்பிவிடக்கூடும். ஆவணம் கையில் இருந்தால் இந்த வாசல் மிக வலுவானது, இல்லாவிட்டால் பலவீனமானது.

நான்காவது, உரிமையியல் நீதிமன்றத்தில் நட்ட ஈட்டு வழக்கு. அரசுக்கு எதிராக என்பதால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். சட்டவிரோதக் காவலுக்கான நட்ட ஈட்டுக்குக் காலவரையறை ஓராண்டு. 1964-இல் கஸ்தூரிலால் வழக்கில், மீரட் காவல் நிலையத்தில் பிடித்து வைத்த ஒரு வியாபாரியின் தங்கத்தைத் தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்ட போதும், அரசு பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பின் நிழல் உரிமையியல் வழக்குகள் மீது இன்னும் விழுகிறது. உங்களுக்கு இந்த வாசலை நான் பரிந்துரைக்கவில்லை.

என் யோசனை இது: முதலில் கண்காணிப்பாளருக்குப் புகார், கூடவே மாநில ஆணையத்துக்கு மனு, கண்காணிப்பு கேமராப் பதிவோ அதற்குச் சமமான ஆவணமோ கிடைத்தால் பேராணை மனு. ஆனால் பேராணை மனு தாக்கலான பிறகு, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள விஷயம் என்று ஆணையம் மனுவை முடித்துவிடக்கூடும் என்பதால், அந்த முடிவை வழக்கறிஞரோடு கலந்தே எடுங்கள். பட்டியல் வகுப்பினர் என்பதால், உங்கள் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச வழக்கறிஞர் பெற உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கையில் இருப்பதும் கைநழுவுவதும்

மறுநாள் அரசு மருத்துவமனையில், பயத்தில், "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொற்கள் விபத்துப் பதிவேட்டில் ஏறியிருக்கும். (காவல் நிலையக் குளியலறைகளில் வழுக்கி விழுகிறவர்களைப் பற்றித் தமிழ்நாட்டு நீதிமன்றங்களுக்கு நிறையத் தெரியும் என்பது வேறு விஷயம்.) இதை மறைக்க நினைக்காதீர்கள். புகாரிலேயே, உறுதிமொழிப் பத்திரத்திலேயே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொல்லும்போதுதான் அது பொய். நீங்களே சொல்லும்போது அது விளக்கம். பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள். காரணம் என்ற கட்டத்தில் எழுதியது எதுவானாலும், இரண்டு உள்ளங்காலிலும் வீக்கம் என்று மருத்துவர் குறித்திருந்தால், வழுக்கி விழுந்தவருக்கு அங்கே எப்படி அடிபடும் என்ற கேள்வி தானாக எழும்.

வெற்றுத்தாள் கையெழுத்துக்காக நீங்கள் தூக்கம் இழக்க வேண்டியதில்லை. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. விசாரணையில் பதியும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கவே கூடாது என்கிறது சட்டம். எனினும், எந்தத் தேதியில், எத்தனை தாள்களில், என்ன நிலையில் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதைக் கண்காணிப்பாளருக்கு உடனே எழுதி, விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தாள் "விசாரித்துவிட்டு அன்றே அனுப்பிவிட்டார்கள்" என்ற கடிதமாக முளைத்தால், உங்கள் அஞ்சல் ரசீதின் தேதி அதற்கு முன்பே நின்றிருக்கும்.

எல்லாவற்றிலும் அவசரம் கேமராப் பதிவு. 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாசல், லாக்கப், தாழ்வாரம் உட்படக் கேமரா வேண்டும் என்றும், பதிவை 18 மாதங்கள், அது இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உத்தரவு இருப்பதும் பதிவு இருப்பதும் ஒன்றல்ல. இந்த வாரமே இரண்டு கடிதங்கள் போக வேண்டும்: குறிப்பிட்ட தேதி, நேரத்துப் பதிவை அழிக்காமல் பாதுகாக்கக் கோரி கண்காணிப்பாளருக்கு ஒன்று, அதே பதிவையும், நிலையத்தின் பொது நாட்குறிப்பின் அந்த இரண்டு நாள் பக்கங்களையும் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒன்று. "கேமரா பழுது" என்று பதில் வந்தாலும் அந்தப் பதிலைக் கோப்பில் வையுங்கள். எப்போதிலிருந்து பழுது, யாருக்குத் தெரிவித்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும்.

பதிலடி வரும் என்ற உங்கள் அச்சத்தை வீண் என்று சொல்ல மாட்டேன். ஜவுளிக்கடைத் திருட்டில் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறதா, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில விதிவிலக்கான வழக்குகள் தவிர மற்ற அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-லேயே உத்தரவு இருப்பதால், காவல் துறையின் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். பெயர் இருந்தால், புகார் அனுப்புவதற்கு முன்பே முன்ஜாமீன் மனுவைத் தயார் செய்துகொள்ளுங்கள். இனி அழைப்பு வந்தால் எழுத்துமூல அறிவிப்பைக் கேளுங்கள். வந்ததும் வழக்கறிஞரோடு போங்கள். போகாமல் இருந்துவிடாதீர்கள், அறிவிப்பை மதிக்காததே கைதுக்குக் காரணமாகிவிடும்.

அந்த அதிகாரியின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் வழக்கு அவதூறு வழக்காகத் திரும்பிவிடும்.

கடைசியாக உங்கள் மனைவி. அன்றிரவு முழுவதும் நிலையத்துக்கு வெளியே சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்திருந்ததாகவும், எதிர்க் கடையில் உங்களுக்கு இட்லி வாங்கி 10.40 மணிக்குக் கைப்பேசியிலேயே பணம் செலுத்தியதாகவும், நள்ளிரவில் தம்பிக்கு "இன்னும் விடலை" என்று செய்தி அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உள்ளே இருந்ததற்கு இன்றைக்கு உங்களிடம் இருக்கும் சிறந்த ஆவணம், அந்தப் பணப் பரிவர்த்தனையும் அந்தச் செய்தியும்தான். படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது. மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. அந்தக் கைப்பேசியை மாற்ற வேண்டாம், விற்க வேண்டாம், உங்கள் கடையிலேயே நீங்கள் அதைத் திறந்து பழுதுபார்க்கவும் வேண்டாம். அன்று மாலை முதல் மறுநாள் வரை தாம் பார்த்ததையும் கேட்டதையும் அவர் தம் கைப்பட, தேதியிட்டு, உங்கள் குறிப்பைப் பார்க்காமல் தனியாக எழுதி வைக்கட்டும். உங்கள் இருவர் குறிப்பிலும் நேரம் ஐந்து நிமிடம் முன்னே பின்னே இருந்தால் அப்படியே இருக்கட்டும்; திருத்தி ஒன்றாக்காதீர்கள்.